நெற்றியில் உரம் பூசிய சோளம்

1. வெள்ளை நெற்றிகள்

காஜா பெராங் வயலில் அன்று காலை நான் சைக்கிளை நிறுத்தியபோது, முப்பது வரிசை மக்காச்சோளமும் நெற்றியில் நீறு பூசிக்கொண்டு என்னை வரவேற்றன. இதை உவமை என்று எவரும் கருத வேண்டாம். முழங்கால் உயரம் வளர்ந்திருந்த ஒவ்வொரு செடியின் உச்சியிலும், புது இலை சுருண்டு வெளிவரும் குருத்தின் நடுவே, சல்பேட் ஆப் அமோனியா வெள்ளை வெளேரென்று இருந்தது. மண்ணில் இட வேண்டிய உரம் அது. விடியற்காலைப் பனி அதைக் கரைத்துக் குருத்துக்குள் இறக்கியிருந்தது. சில செடிகளின் இலையோரம் வெந்த கீரையின் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்கு விடுதலை, கிடைத்த மறு ஆண்டு. மலாக்காவில் விவசாய அலுவலகம் ஒன்றில் பீல்ட் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, புரொபேஷனில் இருந்தேன். எனக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த ஒரு டெமன்ஸ்ட்ரேஷன் வயல் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால், நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கே திரும்பிப் பால் வாளி தூக்க வேண்டும். தோட்டத்து மக்களிடமோ நான் ஏற்கெனவே நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதை நம்பி மாரியம்மனுக்குப் பொங்கலும் வைத்துவிட்டார்.

வயல் காமாட்சி அக்காவுடையது. மலாக்காச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர். சரோங்கும் கெபாயாவும் உடுத்துபவர். வீட்டிலும் வெளியிலும் அவர் பேசுவது மலாய்தான். நடுநடுவே ‘தம்பி’, ‘சாமி’, ‘விபூதி’ என்று தமிழ்ச் சொற்கள் எட்டிப் பார்க்கும். அவர் பேச்சைத் தமிழாக்கியே இங்கே தருகிறேன். பொங்கல் கழிந்து நெல் அறுத்த நிலத்தை எங்கள் சோளத்துக்காக விட்டுக் கொடுத்திருந்தார். விதையும் உரமும் அலுவலகத்துடையவை, நிலமும் உழைப்பும் அவருடையவை, விளைச்சலும் அவருக்கே.

“அக்கா! உரத்தை யார் இப்படி உச்சியிலே போட்டது?”

“வேற யாரு? நாங்கதான். நீ சொன்ன மாதிரிதானே போட்டோம்?”

“நான் உச்சியிலே போடச் சொன்னேனா?”

“விபூதி எடுக்கிற மாதிரி எடுங்கன்னு சொன்னியா இல்லையா?” என்றவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “விபூதியைக் கொண்டுபோய் எவனாவது காலிலே போடுவானா? பாவம்லா, தம்பி! நீ கோயில்ல பாட்டெல்லாம் பாடுற ஆளு. இது உனக்குத் தெரியாதா?”

2. உவமையால் வந்த வினை

முந்தின நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். சோளம் முழங்கால் உயரம் வந்ததும் மேலுரம் இட வேண்டும் என்பது பயிற்சியில் கற்ற பாடம். ஒரு செடிக்கு எவ்வளவு என்பதை அவுன்ஸ் கணக்கில் கற்பித்திருந்தார்கள். காமாட்சி அக்காவும் அவர் தெருப் பெண்கள் மூவரும் என்னைச் சுற்றி நின்றபோது, அவுன்ஸ் என்ற சொல்லை உச்சரிக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு வயது முதல் பதிகங்களிலும் பாசுரங்களிலும் ஊறியவன் நான். எதைச் சொன்னாலும் ஓர் உவமையோடு சொன்னால்தான் சொன்னதாகத் தோன்றும். பேச்சுத் திறமை என்று அதை நான் எண்ணியிருந்தேன்.

ஆகவே மூட்டையை அவிழ்த்து, மூன்று விரல்களைக் குவித்து, சிறிது கம்பீரமாகவே சொன்னேன்: “விபூதி எடுப்பதுபோல் மூன்று விரலால் எடுங்கள். ஆனால் சிக்கனம் வேண்டாம். திருவிழா நாளில் குருக்கள் தாராளமாக அள்ளித் தருவாரே, அந்த அளவு. ஒரு செடிக்கு ஒரு முறை.”

நால்வர் முகத்திலும் தெளிவு பிறந்தது. ஒருவர் கைகளைக் கழுவி வந்தார். மற்றொருவர் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். அந்தச் செருப்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் சொல்லாற்றல் இவர்களை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்ணைக் கீறி, உரத்தை இட்டு மூட வேண்டும் என்ற பகுதியை நான் சொல்லவே இல்லை. அன்று பிரதோஷம். மாலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளில் ஏறிவிட்டேன். வயலில் நால்வரும் பக்தியோடு ஒவ்வொரு செடிக்கும் நீறு இட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில், நான் கோயிலில் கண்மூடி நின்று என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று உருகிக்கொண்டிருந்தேன். இறைவன் இரண்டையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

3. அபிஷேகமும் உப்பு மீனும்

உரமும் ஒரு வகை உப்பே. குருத்தில் தங்கினால் இளம் இலையைச் சுட்டுவிடும். வெயில் ஏறுவதற்குள் கழுவியாக வேண்டும். வயலோரத்து பாரிட்டில், அதாவது வடிகால் வாய்க்காலில், முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. மண்ணெண்ணெய்த் தகரங்களை எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் இறங்கினோம். ஒவ்வொரு செடியின் உச்சியிலும் தண்ணீர் வார்த்தோம். முப்பது வரிசை. என் காக்கிக் கால்சட்டை சேற்றில் ஊறியது.

“நேத்து விபூதி, இன்னிக்கு அபிஷேகம்” என்றார் காமாட்சி அக்கா, தகரத்தைச் சாய்த்தபடி. “நாளைக்கு என்ன, தம்பி? தேர் இழுக்கணுமா? இப்பவே சொல்லிடு. கயிறு வாங்கணும்.”

மற்ற மூவரும் வரப்பில் உட்கார்ந்து சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று.

செடிகள் சாகவில்லை. வெந்த இலைகள் காய்ந்து தொங்கின. பத்து நாளில் உள்ளிருந்து புது இலைகள் பச்சையாக வந்தன. ஆனால் தண்ணீரோடு உரமும் போய்விட்டதால் அடியிலைகள் பசியைக் காட்டத் தொடங்கின. சோளத்துக்குத் தழைச்சத்து குறைந்தால் அடியிலையின் நுனியில் மஞ்சள் தோன்றும். நடு நரம்பு வழியே உள்நோக்கி ஓடும். இதைப் பயிற்சிப் படத்தில் பார்த்திருக்கிறேன். என் வயலில் பார்க்கும்போது அந்தப் படத்தின் அழகு இல்லை.

மேலும் மழை இல்லை. அந்தப் பருவத்தில் மலாக்கா வானம் இரக்கம் இல்லாதது. மண் வெடிக்கத் தொடங்கியது. பாரிட்டும் ஒடுங்கியது. நண்பகலில் சோள இலைகள் வெற்றிலைச் சுருள்போல் நீளவாக்கில் சுருண்டன. மாலையில் விரிந்தால் குற்றமில்லை. செடி தன் நீரைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். மறுநாள் காலையிலும் விரியாமல் இருந்தால் செடி துன்பப்படுகிறது என்று பொருள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் செய்ததைச் சொல்கிறேன்.

மிச்சம் இருந்த அரை மூட்டை உரத்தை உடனே இட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வயலைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் ஆபீசர் கதிர் முற்றும் காலத்தில் வருவார். மஞ்சள் இலையோடு அவர் முன் நிற்க எனக்குத் துணிவில்லை.

“இப்ப போடக் கூடாது” என்றார் காமாட்சி அக்கா. “மழை வரட்டும்.”

“அக்கா, இன்ன நாளில் இட வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது.”

“உன் குறிப்பைச் செடி படிச்சிருக்கா? மண்ணைத் தொட்டுப் பாரு. அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கு. தாகத்திலே கிடக்கிறவனுக்கு எவனாவது உப்பு மீனு கொடுப்பானா?”

அன்றைய பயிற்சிப் புத்தகங்களில் நான்கு பக்கத்துக்கு விளக்கப்பட்டிருந்த செய்தியை அவர் ஓர் உப்பு மீனில் முடித்துவிட்டார். காய்ந்த மண்ணில் உரம் கரையாது. கரைந்த சிறிதளவும் வேருக்கு அருகே உப்பாகத் தங்கி, வேர் உறிஞ்ச வேண்டிய நீரைத் தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் உவமை சொல்வது என் உரிமை என்று எண்ணியிருந்த எனக்கு, பிறர் சொன்ன உவமை சுட்டது.

கடைசியில் வயலை இரண்டாகப் பங்கிட்டோம். மேட்டுப் பக்கம் பதினைந்து வரிசை என் பொறுப்பு. பள்ளத்துப் பக்கம் பதினைந்து வரிசை அவர் பொறுப்பு. என் பகுதியில் சிவப்புப் பலகை நட்டு ஆங்கிலத்தில் ‘சிபாரிசு முறை’ என்று எழுதினேன். அவர் பகுதியில் நீலப் பலகை நட்டு ‘விவசாயி முறை’ என்று எழுதினேன். எழுதும்போது நீலப் பலகையின் மேல் எனக்குச் சிறிது இரக்கமும் உண்டாயிற்று.

அன்றே என் பதினைந்து வரிசைக்கும் உரம் இட்டேன். இம்முறை சாண் தள்ளி, கீறி, மூடி, எல்லாம் முறைப்படி. மூன்றாம் நாள் என் செடிகள் காலையிலும் சுருண்டே இருந்தன.

காமாட்சி அக்கா காத்திருந்தார். வயலில் காய்ந்த வைக்கோலை வரிசைகளுக்கு நடுவே பரப்பி மண்ணை மூடினார். எட்டு ஒன்பது நாள் கழித்து ஒரு பிற்பகல் நல்ல மழை பெய்தது. மறுநாள் ஈர மண்ணில், சாண் தள்ளி, உரத்தை இட்டு மூடினார். பாதியை இட்டார்; மீதியை அடுத்த மழைக்கு வைத்துக்கொண்டார். “வயித்துக்கு ஒரே நேரத்திலே எவ்வளவு போகும்?” என்றார். இதற்கும் எங்கள் புத்தகத்தில் தனித் தலைப்பு உண்டு.

சோளத்துக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் காலம் ஒன்று உண்டு: உச்சியில் ஆண் பூ விரிந்து, கதிரில் பட்டிழை வெளிவரும் அந்தச் சில நாள்கள். அப்போது வாடினால் பூந்தூள் முன்னதாக உதிர்ந்துவிடும். பட்டிழை பின்தங்கி வரும். மணமகன் வந்து போன பிறகு மணமகள் பந்தலுக்கு வருவது போன்றது. என் வரிசைகளில் அதுவே நடந்தது. அக்கா தன் வரிசைகளுக்கு அந்த நாள்களில் பாரிட்டின் அடியில் தேங்கிய நீரை வாரி வாரி ஊற்றினார். நானும் ஊற்றினேன், நான்கு நாள் தாமதமாக.

கதிர் முற்றியபோது பள்ளத்துப் பக்கம் கைக்கு அடங்காத கதிர்கள். மேட்டுப் பக்கம் உரித்தால், பல் விழுந்த வாய்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள்.

4. நடந்து போன பலகை

ஆபீசர் வருகைக்குக் குறித்த நாளில், விடிந்ததும் விடியாததுமாக நான் வயலுக்குச் சென்றேன். காமாட்சி அக்கா வருவதற்கு ஒரு மணி நேரம் இருந்தது. வழக்கம்போல் காலைப் பதிகத்தை முணுமுணுத்துக்கொண்டே சிவப்புப் பலகையைப் பிடுங்கிப் பள்ளத்தில் நட்டேன். நீலப் பலகையைப் பிடுங்கி மேட்டில் நட்டேன். பாட்டு ஓரிடத்திலும் தடைப்படவில்லை. இன்றுவரை என்னை அச்சுறுத்துவது அதுதான்.

களப் புத்தகத்தில் மேடு, பள்ளம் என்று எழுதாமல் சிவப்பு, நீலம் என்று மட்டுமே குறித்திருந்தேன். அன்றைய சோம்பல் இப்போது துணைக்கு வந்தது. காமாட்சி அக்காவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று தைரியம் கொண்டேன்.

ஆபீசர் துரைராசா ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கையில் நோட்டுப் புத்தகம். பள்ளத்துப் பக்கம் நடந்து, ஒரு கதிரை உரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அடடே! நல்லாய் வந்திருக்குது, காணும். இதுதான் எங்கட சிபாரிசு முறையோ?”

“ஆம், ஐயா.”

“வெரி குட். அப்ப உம்மட கன்பர்மேஷனுக்கு எழுதலாம் போலை.” நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “எப்ப உரம் போட்டனீர், எவ்வளவு, மண் எப்பிடி இருந்தது, எல்லாத்தையும் சொல்லும். நோட்டீஸ் அடிச்சுச் சுத்துவட்டாரக் கம்பமெல்லாம், ஊர் ஊராய்க் குடுப்பம். எல்லாரும் இப்பிடியே செய்யட்டும்.”

களப் புத்தகத்தில் சிவப்புப் பலகைக்கு நேரே நான் எழுதியிருந்தது: காய்ந்த மண், முழு உரமும் ஒரே தவணை. அதை அவர் நோட்டீஸ் அடித்தால் சில மைல் தள்ளியுள்ள கிளேபாங் வரைக்கும் சோளம் சுருளும்.

அந்த நேரத்தில் காமாட்சி அக்கா அவித்த சோளக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தார். எங்களைப் பார்த்தார். பலகைகளைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“தம்பி! உன் பலகை ராத்திரி எந்திரிச்சு நடந்துபோயிருக்கு! என்னோடது நீலம்லா. மேட்டிலே போய் என்ன பண்ணுது அது?”

எழுத்துத் தெரியாதவருக்கு நிறம் தெரியும் என்பதை எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

துரைராசா ஐயாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார்.

“என்ன காணும், அவ சொல்லுறது?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் மறந்திருப்பார் என்று சொல்லியிருக்கலாம். கம்பத்துப் பெண்ணின் சொல்லுக்கு எதிரே காக்கிக் கால்சட்டையின் சொல் எடுபட்டிருக்கும். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

அடியார்கள் தம்மைத் தாமே பொய்யர் என்றும் கடையர் என்றும் இகழ்ந்துகொள்வது பக்திப் பாடல்களின் மரபு. நானும் ஏழு வயது முதல் நாள் தவறாமல் ‘பொய்யன் நான்’ என்ற பொருளில் இறைவன் முன் பாடி வந்தவன். கண்ணீர் வரப் பாடுவேன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர் உண்டு. பண்ணோடு பாடுவது எளிது என்பது அன்றுதான் தெரிந்தது. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் ஒரு மனிதரிடம், தாளம் இல்லாமல், அதே சொல்லை ஒரு தடவை சொல்ல என் நாக்கு எழவில்லை.

காமாட்சி அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. நடந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. “துவான்,” என்று ஆபீசரிடம் அவசரமாகத் தொடங்கினார், “எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. நீலமோ என்னமோ…”

என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லத் தொடங்கியது எனக்குப் பொறுக்கவில்லை.

“பலகையை மாற்றியது நான்தான், ஐயா” என்றேன். “நல்லது அக்காவுடைய வரிசை. கெட்டது என்னுடையது. பொய் சொன்னேன்.”

5. தீர்ப்பு

துரைராசா ஐயா மேட்டுக்கு ஏறி என் கதிர் ஒன்றை உரித்தார். பல் விழுந்த அந்த வாயைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, “முழுக்கதையையும் சொல்லும்” என்றார். விபூதி தொடங்கிப் பலகை வரைக்கும் சொன்னேன். விபூதியைக் கேட்டபோது அவர் மீசை அசைந்தது. அது சிரிப்பு என்று நான் நம்ப விரும்பினேன்.

“மேட்டுக்கு ஒரு முறை, பள்ளத்துக்கு ஒரு முறை. பள்ளத்திலை ஈரம் தானாய் நிக்கும். இதை வைச்சு எப்பிடி ஒப்பிடுறது? உம்மட வயல் ஒண்டையும் நிரூபிக்கேல்லை, காணும். உம்மைத் தவிர.”

காமாட்சி அக்கா அவித்த சோளத்தை நீட்டினார். ஐயா வாங்கிக்கொண்டார். எனக்கும் ஒன்று கிடைத்தது. அக்காவின் வரிசைக் கதிர். அவ்வளவு இனிப்பான தண்டனையை நான் அதன் பிறகு அனுபவித்ததில்லை.

கன்பர்மேஷன் வரவில்லை. புரொபேஷன் இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. நோட்டீஸை நானே எழுத வேண்டும் என்றும், நான் செய்த பிழைகளை முதலில் எழுத வேண்டும் என்றும் உத்தரவு. ‘உரத்தைக் குருத்தில் இடாதீர், காய்ந்த மண்ணில் இடாதீர், ஒரே தவணையில் இடாதீர்’ என்று மூன்று ‘இடாதீர்’ எழுதினேன். எல்லாம் என் சொந்த அனுபவம். உவமை ஒன்றும் சேர்க்கவில்லை.

தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “வச்ச பொங்கலை மாரியம்மாகிட்ட இருந்து திருப்பி வாங்கவா முடியும்? அடுத்த வருசம் கெடச்சா, ஆத்தாளுக்கு நீ கடன்காரன் இல்ல, அவ்வளவுதான்” என்றார்.

மறு ஆண்டு அதே வயலின் சமமான பகுதியில் மீண்டும் சோளம் போட்டோம். இரு பாதிக்கும் ஒரே ஈரம், ஒரே விதை. ஒரு பாதிக்கு உரம் ஒரே தவணை, மறு பாதிக்கு மழை பார்த்து இரண்டு தவணை. இம்முறை ஒவ்வோர் அடிக்கும் முன்னால் காமாட்சி அக்காவைக் கேட்டேன். சில வேளை அவர் சொன்னது தவறாகவும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க நான் வயலிலேயே நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் வந்த பிரதோஷங்களுக்கு வரப்பிலிருந்தே கும்பிட்டேன். இரண்டு தவணைப் பாதியில் கதிர்கள் நிறைந்திருந்தன. பலகைகள் நட்ட இடத்திலேயே நின்றன.

நிரந்தரக் கடிதம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு நேரே காஜா பெராங்குக்குச் சென்றேன். வரப்பில் புது உர மூட்டை ஒன்று இருக்க, அதற்குப் பக்கத்தில் காமாட்சி அக்கா களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கையில் வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, மண் படாமல் திருப்பித் தந்தார்.

“ஆக, நீ தெத்தாப்?” என்றார். நிரந்தரம் என்பதற்கு மலாய்ச் சொல் அதுதான்.

“தெத்தாப், அக்கா.”

“நல்லதுலா. நீ தெத்தாப் ஆயிட்டே. மழை தெத்தாப்பா?”

“இல்லை, அக்கா” என்றேன்.

முப்பது ஆண்டு வேலையில், உர மூட்டைக்கு அருகே நின்றுகொண்டு நான் பிழையில்லாமல் சொன்ன முதல் பதில் அது.